பத்துப் பிள்ளைக்குக் கீழே போன தொடக்கப் பள்ளி: இணைப்பதா, விட்டுவைப்பதா?

கரும்பலகை:
ஐந்து வகுப்பு, ஒன்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். இந்த நிலைக்கு வந்துவிட்ட பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்பது என் கட்சி. "காமராசர் காலத்துப் பள்ளி, அதைப் போய் மூடுவதா" என்று கிளம்புகிறவர்கள் வகுப்பறைக்குள் நடக்கிறதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல். நாளுக்கு 240 நிமிடம். 1, 2, 3 ஒருவர் கையில், 4, 5 இன்னொருவர் கையில் என்று பிரித்தால் சின்ன வகுப்புக்குத் தலா 80 நிமிடம், பெரிய வகுப்புக்குத் தலா 120. இருவரும் வந்த நாளில்தான் இந்தக் கணக்கு. ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால், அல்லது மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டால், வகுப்புக்கு 48 நிமிடம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அதற்குள் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் முடிய வேண்டும். எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் வருகை ஏற்றுவதும் அதே ஆள்தான்.

இன்னொன்று. ஐந்தாம் வகுப்பில் ஒரே பிள்ளை இருந்தால், அது யாரோடு சேர்ந்து வாசிக்கும்? தப்பாகச் சொன்னால் திருத்த ஒரு கூட்டாளி வேண்டாமா?

ஒற்றையடிப்பாதை:
கணக்கு சரி. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் சார். இணைத்த பிறகு என்ன ஆகும் என்று அதே அட்டவணையைப் பாருங்கள். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. 121 முதல்தான் 5. உங்கள் ஒன்பது பேரை 40 பேர் உள்ள பள்ளியில் சேர்த்தால் 49. ஆசிரியர் அதே 2. வகுப்பும் அதே 5. நீங்கள் சொன்ன 80 நிமிடமும் 120 நிமிடமும் அப்படியே நிற்கும், அறையில் தலை மட்டும் கூடியிருக்கும். முன்பு இரண்டு பள்ளிக்கும் சேர்த்து 4 ஆசிரியர், இப்போது 2. பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்ற நிலை வர 121 பேர் வேண்டும். சுருங்கிக்கொண்டிருக்கும் ஊர்களில் அதற்கு எத்தனை பள்ளிகளை அள்ளிக் கட்ட வேண்டும் என்று யோசியுங்கள்.

பதிவேடு:
அட்டவணை அப்படித்தான். ஒரு திருத்தம்: பக்கத்துப் பள்ளியில் 52 பேர் இருந்து இந்த 9 சேர்ந்தால் 61, மூன்றாவது பணியிடத்துக்கு வழி உண்டு. ஆகவே "இணைக்கலாமா" என்று பொதுவாகக் கேட்பதில் பொருள் இல்லை. சேரும் பள்ளியின் எண்ணிக்கை எந்த வரம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். 52லிருந்து 60 வரை இருப்பதும் சரி, 82லிருந்து 90 வரை இருப்பதும் சரி, ஒன்பது பேர் வரவால் பயன் பெறும். 20 பேர் உள்ள பள்ளிக்கு ஒரு பயனும் இல்லை.

எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்து நடக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு இணைத்தால், கூடுதல் பிள்ளைகளோடு பழைய பணியிடங்களை வைத்தே அந்த ஆண்டை ஓட்ட வேண்டிவரும். நடுவில் இணைக்கிற பள்ளிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மானியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. கழிவறைத் துப்புரவு, குழாய், சுண்ணாம்புக்கட்டி, மின்சாமான் எல்லாம் இதற்குள். கழிவறை ஒன்பது பேருக்கும் ஒன்றுதான், முப்பது பேருக்கும் ஒன்றுதான். சின்னப் பள்ளியில் முதலில் பூட்டு விழுவது கழிவறைக்கு.

வாய்ப்பாடு:
அப்போ 10,000 ரூபாய்ப் பள்ளிக்கு ரெண்டு சம்பளம் தண்டம்னு சொல்லிட்டுப் போகலாமே, எதுக்கு இவ்வளவு சுத்து?

ஒற்றையடிப்பாதை:
தண்டம் என்றால் இணைத்த பிறகு அந்த இரண்டு பேர் எங்கே போவார்கள் என்று சொல்லுங்கள் தம்பி. உபரி என்று கணக்கிட்டுப் பணிநிரவலில் வேறு ஒன்றியத்துக்கு அனுப்புவார்கள். சம்பளச் செலவு குறையாது, ஊர்தான் மாறும்.

கரும்பலகை:
ஆசிரியர் இல்லாமல் தவிக்கிற பள்ளிக்குத்தானே போகிறார்? அதை நட்டமாகவே பேசுகிறீர்களே. 61 கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அது என் வாதத்தில் ஓட்டைதான். ஆனால் கூட்டாளி விஷயத்துக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

எண்ணும் எழுத்தும் திட்டத்தை எடுங்கள். 2022இல் 1 முதல் 3 வரை தொடங்கியது, அடுத்த ஆண்டு 4, 5க்கும் வந்தது. பிள்ளையை வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து உட்கார வைப்பதுதான் அதன் உயிர். ஒன்பது பேரில் அரும்பில் ஐந்து, மொட்டில் மூன்று, மலரில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மலரில் இருக்கிற அந்த ஒரு பிள்ளைக்குக் குழுச் செயல்பாடு ஏது? ஆசிரியர் அரும்பை விட்டு நகர முடியாததால் அது பயிற்சி நூலை நிரப்பிக்கொண்டு சும்மா இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைதான் இதில் அதிகம் நட்டப்படும். அதன் பெற்றோர்தான் முதலில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருவார்கள்.

ஒற்றையடிப்பாதை:
அந்த ஒரு பிள்ளையை அரும்புக்கு வாசித்துக்காட்டச் சொல்லலாம். செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோதே ஏணிப்படி, அட்டை, குழு என்று பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் முறை கைக்கு வந்துவிட்டது. கற்பிக்கிற பிள்ளைதான் அதிகம் கற்கும்.

அறிவியல், சமூக அறிவியலுக்குச் சுழற்சி முறை இருக்கிறது. 4, 5 இரண்டையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒரு ஆண்டு நான்காம் வகுப்புப் பாடம், மறு ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பாடம். 120 நிமிடத்தை இரண்டாக வெட்ட வேண்டியதில்லை, இரு வகுப்புக்கும் முழு நேரம்.

கரும்பலகை:
ஏட்டில் இனிக்கும். நடத்தினால் மூன்று இடத்தில் உடையும். ஒன்று, பருவத்துக்கு ஒரு புத்தகம் என்று மூன்று பருவத்துக்கும் அந்தந்த வகுப்புக்குத்தான் வருகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை கையில் நான்காம் புத்தகம், நடப்பது ஐந்தாம் பாடம். இரண்டு, தேர்வும் மதிப்பீடும் வகுப்புவாரியாக வரும். ஐந்தாம் பாடம் படித்த நான்காம் வகுப்புப் பிள்ளை நான்காம் வினாவுக்கு விழிக்கும். மூன்று, பிழைப்புக்காகக் குடும்பம் இடம்பெயர்ந்தால் அந்தப் பிள்ளை புதுப் பள்ளியில் ஒரு வகுப்புப் பாடத்தை இரண்டு முறை படிக்கும், இன்னொன்றைப் பார்க்கவே பார்க்காது. கணக்கைச் சுழற்றவே முடியாது. பின்னம் தெரியாதவனுக்குத் தசமம் எப்படிச் சொல்வீர்கள்?

இதில் பயிற்றுமொழி வேறு. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு வந்த பிறகு, ஒரே அறையில் ஒரே வகுப்பில் ஒருவன் தமிழ் வழி, பக்கத்தில் இருப்பவள் ஆங்கில வழி. உங்கள் ஐந்து வகுப்பு அப்போது பத்து.

ஒற்றையடிப்பாதை:
புத்தகச் சிக்கலும் தேர்வுச் சிக்கலும் துறை நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் தீரும். இடம்பெயர்வுக்கு என்னிடம் பதில் இல்லை. பயிற்றுமொழி இணைந்த பள்ளிக்கும் உள்ள சிக்கல்தான்.

முன்பருவம்:
இரண்டு பேரும் ஐந்து வயதுக்கு மேல் நிற்கிறீர்கள். பள்ளி காலியாவது மூன்று வயதில். தனியார் பள்ளி எல்.கே.ஜி.க்கு மூன்று வயதிலேயே வேனை அனுப்புகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவில், தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கென வரும் 25 விழுக்காடு இடத்துக்கும் வாசல் அந்த எல்.கே.ஜி.தான். அரசுத் தொடக்கப் பள்ளியோ ஒன்றாம் வகுப்பில், ஐந்து முடிந்த பிறகுதான் கதவைத் திறக்கிறது. இரண்டு வருடம் வேனில் போய்ப் பழகிய பிள்ளையை இறக்கிக் கூட்டிவர எந்தத் தாய்க்கு மனம் வரும்? 2019இல் 2381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அவை நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருப்பவை. நாம் பேசுகிற ஈராசிரியர் பள்ளிக்கு அதனால் ஒன்றும் வந்து சேரவில்லை.

அதோடு சலுகைகளின் வயதைப் பாருங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், இரண்டுக்கும் கேட்பது 6 முதல் 12 வரையான அரசுப் பள்ளிப் படிப்பு. கெட்டிக்காரப் பெற்றோர் அதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்: ஐந்து வரை தனியார், ஆறில் அரசு. நடுநிலைப் பள்ளிக்குப் பிள்ளை வரும், தொடக்கப் பள்ளிக்கு வராது. காலை உணவுத் திட்டம் ஒன்றுதான் ஒன்று முதல் ஐந்துக்கு என்றே வந்தது.

ஆகவே இணைப்பதற்கு முன் அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். மையத்துக்கு வருகிற பிள்ளை மட்டுமில்லை, வராத பிள்ளையும் அதில் இருக்கும். 2 முதல் 5 வயதுக்குள் பதினைந்து பேர் இருந்தும் ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர்தான் என்றால், ஊரில் பிள்ளை இருக்கிறது, பள்ளிக்குத்தான் வரவில்லை. அதற்கு இணைப்பு மருந்தில்லை. பதிவேட்டிலேயே மூன்று பேர்தான் என்றால் கரும்பலகை சார் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான்.

பதிவேடு:
இரண்டாவது வகையும் நிறைய வரும். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.8. அதோடு இளம் தம்பதியர் திருப்பூர், கோவை, சென்னை என்று போய்விட்டால் பதிவேட்டில் மிஞ்சுவது தாத்தா பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளைகள்தான். 2019இல் பிள்ளையே இல்லாமல் போன 46 பள்ளிகளை நூலகமாக்க அரசு முடிவெடுத்தது நினைவிருக்கும்.

ஒற்றையடிப்பாதை:
சரி, இணைத்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை எப்படிப் போகும்? விதிப்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள். வரைபடத்தில் கோடு போட்டு 900 மீட்டர் என்று எழுதுவார்கள். நடுவில் ஓடை இருக்கும், கார்த்திகையில் சுற்றித்தான் போக வேண்டும், அது இரண்டரை கிலோமீட்டர். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பையோடு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

கரும்பலகை:
அதற்குத்தான் போக்குவரத்து, பிள்ளைகளோடு துணைக்குப் போகும் வழிக்காவலர் வசதி இருக்கிறது. பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை.

ஒற்றையடிப்பாதை:
பெருக்கிப் பார்ப்போம். ஒன்பது பிள்ளைக்கு 54,000. 200 நாளுக்கு நாள் ஒன்றுக்கு 270. ஒன்பது பேரையும் ஒரே ஆட்டோவில் அடைப்பது விதிப்படி செல்லாது. இரண்டு நடை என்றால் காலையும் மாலையும் சேர்த்து நான்கு. நடைக்கு 67 ரூபாய் 50 காசு, திரும்ப வெறும் வண்டி, டீசலும் அதில்தான். பணம் மாதா மாதம் வராமல் தவணையாக வந்தால் ஆட்டோக்காரர் இரண்டாம் மாதமே கும்பிடு போட்டுவிடுவார். காலை உணவு மணி அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். இரண்டாம் நடைப் பிள்ளைகளுக்கு அது தினமும் தப்பும். முதல் நடைப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போனால் ஆசிரியர் வரும்வரை யார் பார்ப்பது?

முன்பருவம்:
யாரும் தொடாததை நான் கேட்டுவிடுகிறேன். ஊர்த்தெருப் பள்ளியில் 7, காலனிப் பள்ளியில் 14, நடுவில் 600 மீட்டர். எண்ணிக்கைப்படி எது எதோடு சேர வேண்டும்? ஊர்த்தெருப் பள்ளியை மூடிக் காலனிக்குப் போகச் சொல்லும் முன்மொழிவை எழுத எத்தனை பேருக்குக் கை வரும்? எழுதினாலும் அந்த ஏழு பேரும் மறுநாளே தனியார் வேனில் ஏறுவார்கள். திருப்பி எழுதினால் பதினான்கு பிள்ளைகள் எந்த வாசலில், எந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று கவலைப்பட வேண்டும். கிலோமீட்டரையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து இதை முடிக்க முடியாது.

கரும்பலகை:
இதற்கு நான் வாதாட வரவில்லை. ஆனால் தனித்தனிப் பள்ளியாகவே விட்டுவைப்பது அந்தப் பிரிவைக் காப்பாற்றுவதும் ஆகுமே?

முன்பருவம்:
ஆகும். அதனால்தான் இணைக்கிறவர் அந்த ஊரைத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்கிறேன். முதல் மாதம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் தலைமை ஆசிரியர் பந்தியில் நிற்க வேண்டும். அறைக்குள் போய் எமிஸ் பார்க்கக் கூடாது.

பதிவேடு:
காலனிப் பள்ளி ஆதிதிராவிடர் நலத்துறையுடையது என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் தன்னளவில் இணைக்க முடியாது, துறை வேறு. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது.

இணைப்பு தவிர்க்க முடியாத இடத்தில் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் என்ன எழுத வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். "பெற்றோர் சம்மதித்தனர்" என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள். சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஒன்பது பிள்ளை ஆறு வீட்டிலிருந்து வந்தால் குழுவே நிரம்பாது. ஆகவே அங்கன்வாடி வயதுப் பிள்ளைகளின் பெற்றோரையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள், நாளை நடக்கப்போவது அவர்கள் பிள்ளைதான். தூரம் நடைபாதை அளவில், மழைக்காலப் பாதையையும் சேர்த்து. வண்டிக்கு யார் பொறுப்பு, வழிக்காவலர் யார், பணம் தாமதமானால் அந்த இரண்டு மாதம் எந்த நிதியிலிருந்து. இணைக்கும் நாள் ஜூன் திறப்புக்குள், ஆகஸ்ட் 1க்கு முன். கட்டடம் வாக்குச்சாவடியாகவும் இருப்பதால் இடிக்கக் கூடாது, அங்கன்வாடிக்குக் கொடுக்கலாம். பள்ளியின் அடையாளமான 11 இலக்க யுடைஸ் எண்ணை நிரந்தர மூடல் என்று நீக்கக் கூடாது, தற்காலிகம் என்றே இருக்க வேண்டும். எண் போய்விட்டால் ஐந்து வருடம் கழித்து இருபது பிள்ளை வந்தாலும் புதுப் பள்ளிக்கு முதலிலிருந்து விண்ணப்பம் போட வேண்டும்.

ஒற்றையடிப்பாதை:
இன்னொரு வரி சேருங்கள். அங்கன்வாடிப் பதிவேட்டில் 2 முதல் 5 வயதுக்குள் எத்தனை பேர் ஏறினால் பள்ளி திரும்பத் திறக்கும் என்று ஒரு எண். அது இல்லாமல் "தற்காலிகம்" என்பதற்குப் பொருளே இல்லை.

கரும்பலகை:
என்ன எண்?

ஒற்றையடிப்பாதை:
பன்னிரண்டு.

கரும்பலகை:
பதினைந்து என்றால் நானே முன்மொழிகிறேன். நாலு வயதுக்குப் பதினைந்து பேர் என்றால் வகுப்புக்கு மூன்று, நான்கு பேர். அப்போதுதான் ஒரு பிள்ளைக்கு ஒரு கூட்டாளியாவது கிடைக்கும்.