பிராக் குளிர்கால நடை: இன்னும் கண்ணிலேயே நிற்கும் ஒரு காட்சி எது? (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கல்பாதை
பிராக் கோட்டைக்கு ஏறும் சரிவான நெருடோவா தெரு, ஜனவரி, மாலை ஐந்து. பகலில் உருகிய பனி திரும்ப உறையும் நேரம். கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்த ஒரு பாட்டி நின்றார். பையிலிருந்து பழைய கம்பளிக் காலுறை இரண்டை எடுத்து ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். விலை உயர்ந்த ஷூக்காரர்கள் எல்லாம் சுவரைப் பிடித்தபடி நின்றார்கள். நடைபாதையில் பதித்திருப்பது சின்னச் சின்னக் கனசதுரக் கற்கள், தேய்ந்து வழவழப்பானவை. குளிரில் இறுகிய ரப்பர் அதில் வழுக்கும், கம்பளி இழை பிடிக்கும். காலுறை ஈரத்தில் ஊறிவிட்டால் பிடிமானம் போச்சு. ஒரு சரிவு தாண்டத்தான் அது.

இருபத்திரண்டு
இதற்கு ஏன் காலுறை? 22ஆம் டிராமில் மலோஸ்ட்ரான்ஸ்கா நிறுத்தத்தில் ஏறி போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். பிறகு கோட்டை வழியாக நிதானமாக இறங்க வேண்டியதுதான். டிக்கெட்டை ஏறியதும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை வாங்குங்கள். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் பேட்ஜைக் காட்டியபின் முத்திரை குத்த ஓடினால் எடுபடாது.

ழிஷ்கோவ்வாசி
இருபத்திரண்டு சொல்வது கோடைக்குச் சரி. உறைபனியில் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஏறும்போதைவிட இறங்கும்போது வழுக்கி விழுவது எளிது. நெருடோவாவில் நடந்து ஏறுங்கள், டிராமில் இறங்குங்கள். டிராமையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்: 2014 டிசம்பர் தொடக்கத்தில் மேல் மின்கம்பியில் பனி உறைந்து நகர டிராம்கள் அப்படியே நின்றுபோயின.

இன்னொன்று. படிக்கட்டு முகப்பில் "குளிர்காலத்தில் பராமரிப்பு இல்லை" என்று செக் மொழியில் பலகை இருந்தால் அதை நம்புங்கள், யாரும் உப்பு தூவியிருக்க மாட்டார்கள். 2009 சட்டத் திருத்தத்துக்கு முன் வீட்டுக்காரர்தான் தன் வாசல் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும். இப்போது அது நகராட்சி பொறுப்பு. ஷூவில் மாட்டும் முள்பட்டை உறைபனிக்கு மட்டும். பனியில்லாத வெறுங்கல்லிலும் டிராம் தரையிலும் அதுவே வழுக்கிவிடும், ஏறுமுன் கழற்றுங்கள். சுவரில் சாய்த்துக் குறுக்கே கம்பு வைத்திருந்தால் கூரையிலிருந்து பனி விழும் என்று அர்த்தம். அங்கே நின்று படம் எடுக்காதீர்கள்.

டெகா
பழைய நகரச் சதுக்கம், கிறிஸ்துமஸ் சந்தை, தீக்கங்கில் சுழலும் பன்றித்தொடை. பலகையில் பெரிய எழுத்தில் ஒரு விலை, பக்கத்தில் பொடியாக "100 கிராம்". ஒரு தம்பதி விரலைக் காட்டினார்கள், கடைக்காரர் ஒரே வெட்டில் பாதிக் கிலோவை எடைத்தட்டில் வைத்தார். அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை. கத்தி இறங்குமுன் சொல்ல வேண்டியது: "டெசெட் டெகா", அதாவது பத்து டெகா. செக்காரர்கள் இறைச்சியை டெகாவில்தான் கேட்பார்கள், ஒரு டெகா பத்து கிராம். பக்கத்தில் விற்கும் டிர்டெல்னிக் என்ற சுருள் இனிப்பு ரொட்டியை "பழைய பிராக் பலகாரம்" என்பார்கள், அதற்கு ஸ்லோவாக்கியாவின் ஸ்காலிட்சாவோடுதான் பழைய உறவு.

வல்டாவா கரை
டிசம்பர் 20ஐ ஒட்டித் தெருமுனைகளில் பெரிய தொட்டிகள் வந்துவிடும், உள்ளே உயிரோடு கெண்டை. 24ஆம் தேதி கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டுக்கு. ஒருவர் உயிர்மீனாக வாங்கினார், கொல்ல மனமில்லாமல் நேரே அன்னங்கள் கூடும் சிஹெல்னா கரைக்கு வந்து நீரில் விட்டார். குழந்தைகள் கைதட்டினார்கள். சற்று நேரத்தில் மீன் அன்னங்களுக்கு நடுவே பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

தயவுசெய்து விடாதீர்கள். ஏரியில் வளர்ந்து, பிடித்தபின் தீனியில்லாமல் சுத்தநீர்த் தொட்டியில் இருந்த மீன் அது. திடீர் வெப்பநிலை மாற்றத்தையும் ஆற்று ஓட்டத்தையும் தாங்காது.

கெண்டைப்பிரியை
மேலே எழுதியவர் சரியாகச் சொன்னார், ஆனால் தீனியில்லாமல் வைப்பதைக் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள், சேற்று வாடை போவதற்குத்தான் அது. வாங்குவதாக இருந்தால் இரண்டு, மூன்று கிலோ மீன் போதும். கடைக்காரரிடமே கொன்று சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அதற்குத் தனிக் காசு. தலை, முட்டை, விந்துப்பையைத் தனிப்பையில் கேட்டு வாங்குங்கள், சூப்புக்கு அவைதான் உயிர். செவுளை எடுத்துவிடுங்கள், கசக்கும். பித்தப்பை உடைந்திருந்தால் சூப்பே வேண்டாம். தலையைக் கேரட், செலரிக் கிழங்கு, பிரிஞ்சி இலையோடு அரைமணிக்கு மேல் வேகவைத்து வடிகட்டுங்கள். வெண்ணெயில் மாவை வறுத்துக் கலக்கிக் கெட்டியாக்கிய பிறகு மீன்முட்டையைப் போடுங்கள். ஜாதிக்காய் ஒரு துருவல். மேலே பொரித்த ரொட்டித்துண்டு. செதில் ஒன்றைக் கழுவிக் காயவைத்துப் பர்ஸில் வைப்பார்கள், பணம் குறையாதாம்.

இருபத்திரண்டு
சூப் இருக்கட்டும். ழிஷ்கோவ்வாசி, நெருடோவாவில் ஏறச் சொல்கிறீர்களே, முழங்கால் வலிக்காரர்கள் என்ன செய்வது? டிராமில் போய் டிராமிலேயே திரும்பினால் யாருக்கு நஷ்டம்?