எஸ்டர் கைமாற்றம்: ஒரு சொல்லுக்கான முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம். அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மம் எஸ்டர்; தாவர எண்ணெயும் கிளிசரால் என்ற ஆல்கஹாலோடு கொழுப்பு அமிலங்கள் இணைந்த எஸ்டரே. தாவர எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து உயிரி டீசலாக்கும் ‘டிரான்ஸ்எஸ்டரிஃபிகேஷன்’ வினைக்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே பரிந்துரைக்கப்பட்ட ‘மாற்று எஸ்டராக்கம்’, ‘எஸ்டர் பரிமாற்றம்’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. மாற்றுப் பாதை, மாற்று மருத்துவம் என்று பழகியவர்களுக்கு முதற்சொல், எஸ்டராக்கத்துக்குப் பதிலாகச் செய்யும் வேறொரு வினை என்றே பொருள்படும். பரிமாற்றம் என்றால் இரண்டு எஸ்டர்கள் தமக்குள் கொடுத்து வாங்குவது. மார்கரின் (தாவர எண்ணெயில் செய்யும் வெண்ணெய் போன்ற பொருள்) தொழிலில் அப்படியொரு வினை தனியே இருப்பதால் அச்சொல்லை அதற்கு விட்டுவைப்பதே முறை.

எஸ்டராக்கமும் இவ்வினையும் வேறு வேறு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம், கீரிப்பாறைப் பகுதி ரப்பர் தோட்டங்களில் காய் வெடித்துச் சிதறும் விதை, மழை ஈரத்தில் கிடக்கக் கிடக்க அதன் எண்ணெயில் தனித்த (கிளிசராலோடு இணையாத) கொழுப்பு அமிலம் கூடிக்கொண்டே போகும். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ரப்பர் விதை எண்ணெயில் அது ஏறத்தாழ 17 விழுக்காடு. இதில் கார வினையூக்கியான சோடியம் ஹைட்ராக்சைடை நேரே சேர்த்தால் காரம் அந்த அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். வினையூக்கி வீணாவதோடு கிளிசராலும் தெளிவாகப் பிரியாது. ஆகவே முதலில் கந்தக அமிலத்தை வினையூக்கியாகக் கொண்டு தனித்த அமிலங்களை எஸ்டராக்கி, அவற்றை 2 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கியபின்னரே கார வினையூக்கியைச் சேர்க்கிறார்கள். முதற்படியில் எஸ்டர் புதிதாகப் பிறக்கிறது, நீர் வெளிவருகிறது. இரண்டாம் படியில் இருக்கும் எஸ்டரே ஆல்கஹால் துணையை மாற்றிக்கொள்கிறது, நீர் உண்டாவதில்லை. இவற்றை ‘எஸ்டராக்கம்’, ‘மாற்று எஸ்டராக்கம்’ என்று நான் கரும்பலகையில் எழுதிய காலத்தில், நீர் எந்தப் படியில் வரும் என்பதில் மாணவர்கள் ஆண்டுதோறும் தடுமாறினார்கள். குறை சொல்லில் இருந்தது என்று இப்போது கருதுகிறேன்.

‘எஸ்டர் கைமாற்றம்’ என்பது என் முன்மொழிவு. கிளிசராலின் மூன்று கைகளில் இருந்த கொழுப்பு அமிலத் தொகுதிகள், மூன்று மெத்தனால் மூலக்கூறுகளின் கைக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்வதை இச்சொல் அப்படியே காட்டுகிறது. மலையாளத்திலும் கைமாற்றம் வழங்குவதால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்க்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

கைமாற்று என்றால் திருப்பித் தரவேண்டிய சிறுகடன் ஆயிற்றே என்ற தடை எழலாம். அந்த நிழலும் இங்கே பொருந்தவே செய்கிறது. இது மீள்வினை, கிளிசரால் தான் கொடுத்ததைத் திரும்பப் பெறக்கூடும். அதனால்தான் கணக்குப்படி ஒரு மூலக்கூறு எண்ணெய்க்கு 3 மூலக்கூறு மெத்தனால் போதும் என்றாலும் வழக்கமாக 6 சேர்த்து, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் வினையை முன்னோக்கித் தள்ளுகிறார்கள்.

தொடர்சொற்களும் இடறாமல் வருகின்றன. கிளிஞ்சலை உயர்வெப்பத்தில் சுட்டால் கிடைக்கும் நீற்றாத சுண்ணாம்பான கால்சியம் ஆக்சைடை, எண்ணெயில் கரையாமல் நின்று வடிகட்டி எடுக்கத்தக்க ‘திண்மக் கைமாற்ற வினையூக்கி’ எனலாம். ‘கைமாற்றிய எண்ணெய்’ என்று மட்டும் எழுதினால் வணிகப் பொருள் வந்துவிடும் என்பதால், வினைச்சொல்லாக ஆளும்போது ‘எஸ்டர்’ என்ற முன்சொல்லை விடக்கூடாது என்பதையும் சேர்த்தே பதிவுசெய்யக் கோருகிறேன்.