கலைச்சொல்: பூஞ்சைக் கொசுவா, பூஞ்சைச் சிற்றீயா?

அனைவருக்கும் வணக்கம்.

மாடித் தோட்டப் பூச்சிகளுக்கான சொற்பட்டியலில் "பூஞ்சைக் கொசு" என்றிருக்கும் பதிவை மாற்ற வேண்டுகிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் தென்னைநார்த் தூள் நிரப்பிய தொட்டிகள் காயவே காயாது. அந்த ஈரத்தில் மண்மேல் ஓடித் திரிகிற, 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள கறுப்புப் பூச்சி இது. கடிக்காது, இரத்தம் குடிக்காது. பெயரில் கொசு இருப்பதால் வீட்டில் கொசுவத்தி கொளுத்துகிறார்கள். கரிய பளபளப்பான தலையும் கண்ணாடி போன்ற உடலும் கொண்ட புழுக்களோ மேல்மண்ணிலேயே இருந்து பூஞ்சையையும் இளவேரையும் தின்றுகொண்டிருக்கும்.

என் பரிந்துரை: பூஞ்சைச் சிற்றீ. இவற்றுள் புகைநிறச் சிறகுள்ள சியாரிடே (Sciaridae) என்ற குடும்பத்துக்கு மட்டும் கருஞ்சிறகுப் பூஞ்சைச் சிற்றீ.

மறுமொழி:

ஐயா, "ஈ" என்றதும் வீட்டு ஈதான் மனத்தில் வரும். படத்தில் தெரிவதோ நீண்ட கால், நீண்ட உணர்கொம்பு, ஒல்லியான உடல். பார்த்தவர்கள் கொசு என்பதில் வியப்பில்லை. ஈ என்றுதான் வரவேண்டுமானால் காளான் வளர்ப்பவர்களிடம் "காளான் ஈ" இருக்கிறதே, அது போதாதா? படம் பார்த்து இனம் காண உதவும் உறுப்புகளுக்கும் சொல் முடிவு செய்துவிடலாம். இரு கண்களும் உணர்கொம்புக்கு மேலே மெல்லிய பட்டையாகச் சேரும் இடத்துக்குக் "கண்ணிணை" சரியா? சிறகின் நடுநரம்பு இரண்டாகப் பிரியும் இடத்துக்கு என்ன சொல்வது?

மறுமொழி:

> பார்த்தவர்கள் கொசு என்பதில் வியப்பில்லை

அம்மா, தோற்றம் அப்படித்தான். ஆனால் மரபுவழியில் இந்தப் பூச்சி கொசுவைவிட வீட்டு ஈக்கே நெருங்கிய உறவு. நீண்ட உணர்கொம்பு பழைய பண்பு. அது இருப்பதாலேயே இரண்டும் ஒரு கிளை ஆகிவிடாது. "நுளம்பு" என்று முன்பு ஒரு யோசனை வந்தது. ஈழத்தில் அதுவே கொசுவின் அன்றாடப் பெயர் என்பதால் அதுவும் உதவாது.

"காளான் ஈ"யில் வேறு சிக்கல். காளான் குடிலில் ஃபோரிட் ஈக்களும் வரும். அவை முதுகு கூனியவை, உணர்கொம்பு குட்டை. ஒரே பெயரில் இரண்டையும் அடைத்தால் படம் அனுப்புகிறவரும் பதில் சொல்கிறவரும் வேறு வேறு பூச்சியைப் பற்றிப் பேசுவார்கள்.

கண்ணிணை என்பதற்கு இரு கண்கள் என்றே பொருள் வந்துவிடும். கண்பாலம் என்போம். அந்தப் பட்டையும் கண்ணின் சிற்றறைகளால் ஆனதுதான், சில அறை அகலமே இருக்கும். நரம்பு பிரியும் இடத்துக்கு நடுநரம்புக் கவை. கவட்டை தெரிந்தவர்களுக்குக் கவை விளங்காமல் போகாது. சிறகுப் படத்தைப் பார்த்தால் அதே வடிவம்தான்.

இந்த இரண்டும் படத்தில் விழாவிட்டால் சொல் இருந்தும் பயனில்லை. மஞ்சள் ஒட்டுஅட்டையில் சிக்கிய பூச்சியைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். பசை சிறகை மடித்து நரம்பை மறைத்துவிடும், சிறகின் புகைநிறமும் மஞ்சளில் கெடும். பூச்சியைச் சிறு டப்பாவில் பிடித்து உறைபெட்டியில் சில நிமிடம் வைத்தால் அசைவு நிற்கும். அதை மில்லிமீட்டர் வரைதாளில் வைத்து அளவுக்காக ஒரு படம். அடுத்து வெண்ணெய்த்தாள் மேல் வைத்துக் கீழிருந்து விளக்கு காட்டிச் சிறகுக்கு ஒன்று. கண்பாலத்துக்குத் தலையை நேர்முன்னாகவும் சற்று மேலிருந்தும் எடுக்க வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் அது தெரியவே தெரியாது. கைபேசியில் மாட்டும் மேக்ரோ வில்லை போதும். ஃபிளாஷ் வேண்டாம், உடலின் மினுக்கம் மயிர்களை மறைக்கும்.

இவ்வளவு செய்தாலும் குடும்பம் வரைதான் உறுதியாகச் சொல்ல முடியும். அக்குடும்பத்தின் பிராடிசியா பேரினமா என்று பார்க்க, முன்காலின் கணை (தொடையை அடுத்த கால்பகுதி) நுனியில் சீப்புப் பல் போல முட்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று நுண்ணோக்கியில் காண வேண்டும். பிராடிசியா இம்பேஷன்ஸா, பிராடிசியா ஒசெல்லாரிஸா என்ற கேள்விக்கு ஆண் பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள கவ்வுறுப்பை ஒளி ஊடுருவும்படி தெளிவாக்கி நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றினால்தான் விடை. எனவே 70 விழுக்காடு ஆல்கஹாலில் சில ஆண் பூச்சிகளைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். படத்தை மட்டும் வைத்துச் சிற்றினப் பெயர் எழுதுவதை நம் பட்டியல் ஊக்குவிக்கக் கூடாது.

மறுமொழி:

பூஞ்சைச் சிற்றீ, கண்பாலம், நடுநரம்புக் கவை மூன்றையும் ஏற்கிறேன். கண்பாலத்தின் விளக்கத்தில் மட்டும் ஒரு வரி கூட வேண்டும். செடிகளில் கொப்புளம் உண்டாக்கும் கொப்புள ஈக்களிலும் கண்பாலம் உண்டு. அதை மட்டும் பார்த்துச் சியாரிடே என்றால் தவறும். அவற்றின் சிறகில் நரம்புகள் மிகக் குறைவு, கணை நுனியில் தார்முள் எனும் தடித்த முள்ளும் இல்லை. சியாரிடேயில் தார்முள் உண்டு, கவையும் தெளிவாக இருக்கும்.

பதிவுக்கு இப்படி எழுதலாமா? "கருஞ்சிறகுப் பூஞ்சைச் சிற்றீ: கண்பாலமும் நடுநரம்புக் கவையும் கணைத் தார்முள்ளும் ஒருங்கே உடைய, புகைநிறச் சிறகுள்ள சிறு ஈக்களின் குடும்பம்." குட்டை உணர்கொம்பும் சிறகில் வெளிர் புள்ளிகளும் இருந்தால் அது கரை ஈ, அதைத் தனிப் பதிவாக நாளை அனுப்புகிறேன்.