மனச் சுகமில்லாதவரைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றுவது சரியா?

கண்டாவளை நேசன்:
போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிணற்றடியில் இருந்து தனக்குள் கதைத்துக்கொண்டிருந்தார். சீருடையைக் கண்டதும் வேலிக் கதியாலைக் கட்டிப்பிடித்துக் கத்தினார். ஒரு செருப்பு ஒழுங்கையிலேயே கிடந்தது. சீருடைக்காரர் கூட்டிப்போன பிள்ளைகளை இன்னும் தேடுகிற சனம் நாங்கள், அவருக்கு எப்படி இருந்திருக்கும்? இப்படிப் பிடிப்பதற்கு வழி விடுவது வெள்ளைக்காரன் 1873இல் போட்ட மனநோய்க் கட்டளைச் சட்டம்.

விசுவமடு வாணி:
அண்ணை, இரண்டு நாள் சாப்பிடாதவரை அப்படியே விட்டிருந்தால்? என் தம்பி வெட்டுக்கத்தியோடு அம்மாவைத் துரத்தினவன். பொலிஸைக் கூப்பிட்டது நான்தான். இப்போது மாதம் ஒருக்கால் ஊசி போட்டுக்கொண்டு மிளகாய்த் தோட்டம் செய்கிறான். உரிமை என்று சொல்லிக் கைகட்டி நிற்க என்னால் முடியாது.

கண்டாவளை நேசன்:
தங்கச்சி, கத்தி எடுத்தவரைத் தடுப்பது வேறு. அதை நான் எதிர்க்கவில்லை. அந்த அக்காவிடம் கத்தி இல்லையே. மனச் சுகமில்லாதவர்களையும் சேர்க்கிற ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது அதன் 14ஆம் உறுப்புரை. மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை என்று பழைய சட்டத்திலும் இருக்கிறது, சரி. அங்கே அவருக்காக வாய் திறப்பது யார்?

மாங்குளம் தாதி:
இடையில் ஒன்று. தானாக விரும்பி மனநல வார்ட்டில் சேர 1956இலேயே வழி வந்துவிட்டது. அக்காவுக்குத் தெரிந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்து, "வாங்கோ, டொக்டரிட்டப் போவம்" என்று கேட்டிருக்கலாம். வராமலும் விட்டிருப்பார். ஆனால் முதலில் கேட்க வேண்டும். கேட்டு நடந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விசுவமடு வாணி:
கேட்க ஆள் வேண்டுமே அக்கா. இரவு பதினொரு மணிக்கு எனக்கு வேறு யாரும் இல்லை. அம்மாவின் உயிருக்காகத்தான் கூப்பிட்டேன், இன்றைக்கும் கூப்பிடுவேன். ஆனால் ஸ்டேஷனில் தம்பி விடியும்வரை வாங்கில் இருந்து தண்ணி தண்ணி என்று கேட்டான். என்னிடம் சிங்களத்தில் எழுதின தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் அவனைப் பற்றி என்ன எழுதியிருந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

கண்டாவளை நேசன்:
அந்தத் தாளின் பிரதியைக் கேளுங்கோ தங்கச்சி. தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நானும் வாறன்.