ஜாஸ் வாசிக்க ஆர்ச்டாப் கிட்டார்: எதை வாங்கலாம்?

வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஜாஸ் பழகி வருகிறேன். ஜோ பாஸ், ஜிம் ஹால் வாசிப்பில் கேட்கும் கனிந்த ஒலிக்காக ஓர் ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்த, உள்ளே கூடான கிட்டார்) வாங்க ஆசை. இருவர் கையிலும் இருந்த கிப்ஸன் இஎஸ்-175 என் சம்பளத்துக்கு எட்டாது. 60,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். அதைத் தாண்டினால் வீட்டில் சோறு கிடைக்காது.

இப்போதைக்குக் கண்ணில் இருப்பவை ஐபனெஸ் ஆர்ட்கோர் வரிசையின் ஏஎஃப்55, ஏஎஃப்75. பழையது கிடைத்தால் கோடின் கிங்பின். ஆனால் அதில் இருக்கும் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவி) ஒற்றைச் சுருள் பி-90, ஐபனெஸில் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் ஹம்பக்கர். எங்கள் வீட்டு மின்சார லட்சணத்துக்கு பி-90 இரைந்தே கொல்லுமோ?

செதுக்கிய முழுமர மேல்பலகை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். சென்னை ஈரத்தையும் ஏசி வறட்சியையும் அது மாறி மாறித் தாங்க வேண்டும். தவிர, 1949இல் வந்த அந்த 175-உம் ஒட்டுப்பலகையில் செய்ததுதானே!

டிரம்ஸுடன் மேடையில் வாசித்தவர்கள் சொல்லுங்கள்: முழுக்கூடான உடலில் ஃபீட்பேக்கை (ஸ்பீக்கர் ஒலி கிட்டாருக்கே திரும்பி ஊளையிடுவதை) எப்படி அடக்குகிறீர்கள்? மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளைகளை அடைத்தால் போதுமா? கம்பிகளைத் தாங்கி, பலகையில் ஒட்டாமல் நிற்கும் பிரிட்ஜ், கம்பி மாற்றும்போது நகர்ந்து சுருதியைக் கெடுக்கிறதா? 12 அளவு ஃபிளாட்வவுண்ட் (வழவழப்பான தட்டைச் சுற்று) கம்பிகள் போட உத்தேசம்.

உடலுக்குள் நடுக்கட்டை வைத்த கிப்ஸன் இஎஸ்-335 வகையைப் பரிந்துரைக்க வேண்டாம். நல்ல கிட்டார்தான், நான் தேடும் ஒலி அதில் இல்லை. ஏஎஃப்75 வைத்திருப்பவர் சென்னையில் யாரேனும் இருந்தால், ஒருமுறை வாசித்துப் பார்க்க அனுமதிப்பீர்களா?