அல்டிஸ் 1.6-க்கு ஆயில் வடிக்கும் வால்வு: போடலாமா, எதைப் பார்த்து வாங்கணும்?

அல்டிஸ்காரன்:

வணக்கம். கார் டொயோட்டா கரோலா அல்டிஸ் 1.6, 1இசட்ஆர் எஞ்சின். சிங்கப்பூரில் தரைவீடு, போர்ச்சில் நிறுத்துகிறேன். எஞ்சின் ஆயிலை இனி வீட்டிலேயே மாற்றலாம் என்று இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி) போல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்குப் பதிலாக, லீவரைத் திருப்பினால் ஆயில் வடியும் வால்வு ஒன்றை அந்த இடத்திலேயே நிரந்தரமாகப் பொருத்தலாம் என்கிறார்கள். எந்த அளவு வாங்கணும்? ஸ்பீட் பம்ப்பில் அடி வாங்குமா? ஆயில் முழுசாக வடியுமா? போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பானர்14:

போடலாம். இந்த வால்வின் பெரிய லாபம் நேரம் மிச்சமாவது இல்லை, சம்ப்பின் மரை தப்பிப்பதுதான். ஒவ்வொரு சர்வீஸிலும் யாராவது ஒருவர் போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்குவார். சில வருஷத்தில் மரை போய்விடும், அப்புறம் மரை இன்சர்ட் போடணும், இல்லையென்றால் சம்ப்பையே மாற்றணும். வால்வை ஒரு தடவை சரியாகப் போட்டால் அந்த மரையை அதற்குப் பிறகு யாரும் தொடத் தேவையில்லை.

அளவு: உங்கள் எஞ்சினுக்கு எம்12 (12 மிமீ விட்டம்), மரை இடைவெளி 1.25 மிமீ, சுருக்கமாக எம்12-1.25. போல்ட்டின் தலை 14 மிமீ. ஹோண்டா, மாஸ்டா, ஹூண்டாய் எல்லாம் பெரும்பாலும் எம்14-1.5. அதனால் நண்பர் காரில் பார்த்ததையே வாங்கிவிடாதீர்கள். ஃபுமோட்டோ பிராண்டு வால்வு என்றால் எம்12-1.25-க்கு எஃப்103 வரிசை, எம்14-1.5-க்கு எஃப்106 வரிசை. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து, குழாய் மாட்டும் மூக்கு நீளமா குட்டையா என்பதைச் சொல்லும். பெயர் தெரியாத மலிவு நகல்களைத் தொடாதீர்கள். நாலு லிட்டர் ஆயிலுக்குக் கீழே இருக்கிற ஒரே கதவு அது.

பொருத்தும்போது கவனம் வேண்டிய இடம் வாஷர். பழைய போல்ட்டைக் கழற்றும்போது அதன் வாஷர் சம்ப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆயில் படிந்து, சம்ப்பின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. விரல் நகத்தால் துளையின் விளிம்பைச் சுற்றி வருடிப் பாருங்கள், படி மாதிரி தட்டினால் வாஷர் அங்கேதான் இருக்கிறது. அதன் மேலேயே வால்வின் வாஷரும் உட்கார்ந்தால் இரண்டு வாஷராகி, கசிய வாய்ப்பு அதிகம். கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் வால்வின் கழுத்துக்கு ஆபத்து.

துளையின் முகத்தைத் துணியால் துடைத்து, வால்வைக் கையாலேயே கடைசி வரை திருகுங்கள். கையில் தடங்கினால் மரை தப்பி ஏறுகிறது என்று அர்த்தம், பின்னால் எடுத்து மறுபடி தொடங்குங்கள். கையால் இறுகிய பிறகு அறுகோண உடலில் ஸ்பானர் வைத்துக் கொஞ்சம்தான். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு வால்வோடு வரும் தாளில் உள்ள அளவே கணக்கு. கார் கையேட்டில் டிரெயின் போல்ட்டுக்குப் (சம்ப் போல்ட்டுக்கு) போட்டிருக்கும் 37 நியூட்டன் மீட்டர் கெட்டியான எஃகு போல்ட்டுக்கு. வால்வு உள்ளே துளை உள்ள பித்தளை, அதே விசையை அதில் கொடுக்காதீர்கள். லீவரைப் பிடித்துத் திருகவும் கூடாது.

உட்லண்ட்ஸ்_டிரைவர்:

ஸ்பானர்14 சொன்னதோடு சேர்த்து, வாங்குறதுக்கு முன்னாடி காருக்குக் கீழ டார்ச் அடிச்சுப் பாருங்க. போல்ட் தலை எந்தப் பக்கம் பார்த்து நிக்குது? பின்பக்கமோ பக்கவாட்டிலோ பார்த்து, சம்ப்போட அடிமட்டத்துக்கு மேல இருந்தா கவலை இல்ல. நேர் கீழ தரையைப் பார்த்து இருந்தா வால்வு தொங்கும். அப்படி இருந்தா நீள மூக்கு வேண்டவே வேண்டாம், குட்டை மூக்கு எடுங்க.

ஸ்பீட் பம்ப் நினைக்கிற அளவுக்கு மோசம் இல்ல. அடி வாங்குற இடம் வேற. பல மாடி கார்பார்க் ரேம்ப் முடியுற முனை, கெர்ப் தாண்டி மூக்கை விடுறது, ஜொகூர் பக்கம் போகும்போது ரோட்டுல கிடக்குற டயர் துண்டு. சம்ப்புக்குக் கீழ பிளாஸ்டிக் கவசம் இருக்குற கார்ல வால்வு அதுக்கு மேலயே ஒளிஞ்சிருந்தா நல்லது. ஆனா கவசத்துல இருக்குற ஓட்டை வழியா கை போய் லீவரைத் திருப்ப இடம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கவசத்தைக் கழற்றித்தான் ஆகணும், வால்வு போட்டதுல பாதி லாபம் போச்சு.

இன்னொண்ணு. திருகும்போது லீவரோட சேர்ந்து வால்வு முழுசா சுத்தணும். பக்கத்துல எக்ஸாஸ்ட் பைப்போ சம்ப் விளிம்போ இடிச்சா சுத்தாது. அதுக்கு நடுவுல போடுற அடாப்டர் தனியா விக்குது. ஆனா அது இன்னும் ஒரு வாஷர், இன்னும் ஒரு கசியுற இடம், இன்னும் கொஞ்சம் நீளம். தவிர்க்க முடிஞ்சா தவிர்த்துடுங்க.

தொங்குறது பிடிக்கலைன்னா ஜெர்மனியோட ஷ்டால்பஸ் கம்பெனி வால்வு மாதிரி இருக்கு. லீவர் கிடையாது, உருவமும் சின்னது. மூடியைக் கழற்றினா உள்ள ஸ்பிரிங் வால்வு மூடியே இருக்கும். குழாய் வெச்ச இணைப்பைத் திருகும்போதுதான் அது உள்ள தள்ளித் திறக்கும். தாழ்வான கார்களுக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

அல்டிஸ்காரன்:

நன்றி இருவருக்கும். போல்ட் எங்கே பார்க்கிறது என்று நாளை பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். வால்வின் மரை சம்ப்புக்குள்ளே நீட்டிக்கொண்டு இருந்தால் அடியில் பழைய ஆயில் தேங்காதா? குழாய் மாட்டி நேராகப் பழைய ஆயில் டப்பாவுக்குள்ளேயே இறக்கிவிடலாமா?

ஸ்பானர்14:

தேங்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்ப்பின் தட்டையான அடி 20 செமீக்கு 25 செமீ, மரை 2 மிமீ உயரத்துக்குத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்பது 100 மில்லி. உங்கள் எஞ்சினுக்கு ஃபில்டரோடு 4.2 லிட்டர், அதில் இது இரண்டரை சதவீதம்கூட இல்லை. போல்ட் முறையிலும் எஞ்சினுக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஆயில் உண்டு. இதற்காகக் கவலைப்பட வேண்டாம். போல்ட் இருக்கும் பக்கம் தாழ்வாக இருக்கும்படி காரை நிறுத்தினால் அதுவும் குறையும். மனசு ஒப்பவில்லை என்றால் மூன்று நாலு சர்வீஸுக்கு ஒரு தடவை வால்வையே கழற்றி வடியுங்கள், புது வாஷர் போட்டு மாட்டுங்கள்.

டப்பா விஷயத்தில்தான் பலர் மாட்டுவார்கள். முதலில், ஆயில் வாங்கிய 4 லிட்டர் டப்பாவில் 4.2 லிட்டர் கொள்ளாது. இரண்டாவது உயரம். ஜாக் போடாத காரில் வால்வு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். நிமிர்த்தி வைத்த டப்பாவின் வாய் அதைவிட மேலே. குழாய் மேல்நோக்கி ஏறினால் ஆயில் எப்படிப் போகும்? சம்ப்பில் உள்ள மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். வடிந்துவிட்டது என்று நினைத்துப் புது ஆயிலை ஊற்றினால் அளவு எகிறிவிடும். அதனால் படுக்கை வாக்கில் வைக்கும் தட்டையான டப்பா, 6 லிட்டர் கொள்ளளவுக்குக் குறையாமல். குழாய் முழு நீளமும் சரிவாக இறங்கணும். டப்பாவின் வாயைக் குழாயால் அடைத்துவிடாதீர்கள், காற்று வெளியேற இடம் வேண்டும். மேலே எஞ்சின் ஆயில் மூடியையும் திறந்து வையுங்கள். குழாய் வாங்கும்போது வால்வைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப்போய் மூக்கில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆயிலுக்குத் தாங்கும் குழாயா என்று கேளுங்கள், மீன்தொட்டிக் குழாய் சூட்டில் தளர்ந்து நழுவும்.

வால்வின் துளை போல்ட் துளையைவிடச் சின்னது, மெதுவாகத்தான் வடியும். அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஓட்டி, நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டுத் திறங்கள். தாரை சொட்டாகி, சொட்டும் இடைவெளி விட்டு விழும் வரை விடுங்கள், கால் மணி நேரம் ஆகும். நம் ஊர் வெயிலுக்கு ராத்திரி முழுக்க நின்ற காரில் காலையில் வடித்தால்கூட 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஆயில் தாராளமாக ஓடும். கை சுடாது என்பதும் ஒரு வசதி.

ஃபில்டருக்கு இந்த வால்வால் ஒரு உதவியும் இல்லை, அதற்குக் கீழே போய்த்தான் ஆகணும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்டு அல்லது ரேம்ப் கட்டாயம். உங்கள் காரில் இருப்பது திருகும் டின் ஃபில்டரா, மூடிக்குள் காகிதச் சுருள் வைக்கும் வகையா என்று முதலில் பாருங்கள். காகித வகையாக இருந்தால் மூடிக்கு 25 நியூட்டன் மீட்டர், அதன் நடுவில் உள்ள சின்ன வடிகால் போல்ட்டுக்கு 13. ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இரண்டையும் புதுசாகப் போட்டு, ஆயில் தடவி மாட்டுங்கள். புது ஆயில் முதலில் 3.8 லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, சில நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

மழைக்கால்வாய்:

வடித்த ஆயிலை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். போர்ச்சுக்கு வெளியே ஓடும் கால்வாய் மழைநீர்க் கால்வாய். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்தக் கால்வாயில் போவது நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, சுத்திகரித்து நம் குழாயிலேயே வரும். கால்வாய், கழிவறை, குப்பைச் சரிவு மூன்றுமே கூடாது, சட்டப்படி குற்றமும்கூட. பழைய எஞ்சின் ஆயிலை இங்கே நச்சுக் கழிவாகத்தான் கையாள்கிறார்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்றவர்கள்தான் சேகரிக்க வேண்டும். பட்டறைகளில் அவர்கள் வந்து எடுக்கும் பீப்பாய் இருக்கும். சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் பழக்கமான பட்டறை இருந்தால், ஆயில் மாற்றுவதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், பிரேக் ஆயில், கூலன்ட் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்தால் வாங்க மாட்டார்கள். பழைய ஃபில்டரைத் தலைகீழாக ஒரு ராத்திரி வடியவிட்டு, அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

வடிக்கும் இடத்தில் தரையில் விரித்த அட்டை, அதன் மேல் பூனை மணல் ஒரு பொட்டலம். சிந்தினால் மணலில் உறிஞ்ச விடுங்கள், தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள்.

இதைப் படிக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: வீவக கார்பார்க்கில் இந்த வேலைக்கு அனுமதி இல்லை. வால்வு வேண்டும் என்றால் அடுத்த சர்வீஸில் பட்டறையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். மரை தப்பிக்கும் லாபம் அப்போதும் உண்டு.

உட்லண்ட்ஸ்_டிரைவர்:

பட்டறைக்குக் கொடுத்தா மறக்காம சொல்லி வைங்க. வால்வைப் பார்க்காத மெக்கானிக், போல்ட்டுன்னு நினைச்சு மொத்தமா கழற்றிடுவார், அதே பழைய வாஷரோட மாட்டியும் விடுவார். எஞ்சின் ஆயில் மூடி பக்கத்துல "சம்ப்பில் வால்வு, கழற்ற வேண்டாம்"னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. இங்க எழுதினது தமிழ்ல, அங்க அவருக்குப் புரியுற மொழியில எழுதுங்க.

போட்ட அன்னைக்கு டிஷ்யூ பேப்பரால வால்வைச் சுத்தமா துடைச்சு, மூணு நிமிஷம் எஞ்சின் ஓட்டிப் பாருங்க. ராத்திரி அடியில வெள்ளை அட்டை. 100 கிலோமீட்டர் ஓடினப்புறம் இன்னொரு தடவை. வாஷர் ஓரத்துல ஈரம்னா உட்காரல. மூக்கு நுனியில சொட்டுன்னா வால்வை அடைக்கிற உள் உருண்டையில தூசி. திறந்து மூடினா பல சமயம் சரியாகிடும், இல்லைன்னா வால்வையே மாத்துங்க. கார் 10 வருஷம் தாண்டிட்டா வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போகணும், அடியில ஆயில் ஈரத்தோட அங்க போய் நிக்காதீங்க.

அல்டிஸ்காரன்:

போல்ட் பின்பக்கம்தான் பார்க்கிறது, சம்ப் அடியைவிட மேலே. குட்டை மூக்கு எடுக்கிறேன். கடைசிக் கேள்வி: ஓடும்போது அதிர்வில் லீவர் தானாகத் திறந்துகொள்ளாதா?

ஸ்பானர்14:

லீவரை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளி, பள்ளத்திலிருந்து தூக்கினால்தான் கால் சுற்று திரும்பும். மூடும்போது பள்ளத்தில் "டக்" என்று விழணும். விழாமல் பாதியில் நின்றால் மூடியதாகக் கணக்கில்லை, அதை மட்டும் ஒவ்வொரு தடவையும் விரலால் தொட்டு உறுதி செய்யுங்கள். அதிர்வில் அந்த லாக் விடாது. கல், கட்டை ஏதாவது நேராக லீவரில் பட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் பிளாஸ்டிக் கிளிப் தனியாக விற்கிறார்கள். வாங்கிப் போடுங்கள். கிடைக்கும் வரை லீவரையும் வால்வின் கழுத்தையும் சேர்த்து ஒரு கேபிள் டை கட்டுங்கள், அடுத்த ஆயில் மாற்றத்தில் வெட்டிவிட்டுப் புதுசு. வால்வை இறுக்கி முடித்தபின் லீவர் காரின் முன்பக்கம் பார்த்து நின்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். எதிரே வரும் குப்பை அதில்தான் படும். அதற்காக வால்வை இளக்கி விடவோ கூடுதலாக முறுக்கவோ வேண்டாம், வாஷரை மாற்றினாலே லீவர் நிற்கும் கோணம் கொஞ்சம் மாறும்.