நெல் வயல் சிலந்தி: புது இனம்தானா?

கேள்வி (ஹெப்பாள், பெங்களூரு):
மண்டியா வயலில் வீச்சு வலையில் கிடைத்த டெட்ராக்னாத்தா (நீளத் தாடைச் சிலந்திப் பேரினம்) சிலந்திகள்: 2 ஆண், 3 பெண், சில குஞ்சுகள். எந்த விவரிப்போடும் பொருந்தவில்லை. புது இனமாக எழுத என்ன வேண்டும்?

பதில் 1:
குஞ்சுகளை ஒதுக்குங்கள்; இனப்பெருக்க உறுப்பு முழுதாக வளராததை வைத்து இனம் சொல்லவே கூடாது. ஆணில் பெடிபால்ப்பின் (வாயருகே இருக்கும், இனச்சேர்க்கைக்கு உதவும் குட்டிக் கால் போன்ற உறுப்பு) கண்டக்டர் என்ற பாகத்தின் நுனி வளையும் விதத்தையும், கெலிசெரா (தாடை) பற்களின் எண்ணிக்கை, இடைவெளியையும் வரையுங்கள். பெண்ணில்தான் சிக்கல். பல சிலந்திகளுக்கு இருக்கும் கடினமான எபிஜைன் தகடு (பெண்ணின் இனப்பெருக்கத் திறப்பை மூடும் தகடு) இந்தப் பேரினத்தில் கிடையாது. அடிவயிற்றில் அந்தத் திறப்புள்ள பகுதியை வெட்டியெடுத்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளஞ்சூட்டில் சில நிமிடம் வைத்து, உள்ளே விந்தைச் சேமிக்கும் பைகளைப் பாருங்கள். கண்ணை எடுக்காதீர்கள், நேரம் கூடினால் மெல்லிய சுவர் கரைந்துவிடும்.

பதில் 2:
உடலை 70% எத்தனாலில் வையுங்கள். 95% டிஎன்ஏவுக்கு நல்லது, ஆனால் கால்கள் விறைத்து ஒடியும். ஒரு காலை மட்டும் கழற்றி 95%-இல் போட்டால் போதும். லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள்; பால்பாயின்ட் மை கரைந்தால் இடமும் தேதியும் போச்சு.

கேட்டவர்:
நன்றி சார். ஹோலோடைப்பை (புது இனப் பெயருக்கு அடிப்படையான ஒற்றை மாதிரி) எங்கள் துறையிலேயே வைக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். உயிரியல் பன்மைச் சட்டம் 2002, பிரிவு 39-இன்படி அறிவிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும், கொல்கத்தாவின் இசட்.எஸ்.ஐ. (இந்திய விலங்கியல் ஆய்வகம்) அப்படி ஒன்று. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் ஸூபேங்க் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடு) பதிவு கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. எழுதும் முன் வேர்ல்டு ஸ்பைடர் கேட்டலாகில் (உலகச் சிலந்திகளின் இணையப் பட்டியல்) இந்தியாவோடு நிற்காமல் ஆசியா முழுதும் தேடுங்கள். நெல் வயல் சிலந்திகள் பல நாடுகளில் பரவியவை.